நாள்பட்ட வலிக்கு வீட்டில் டென்ஸ் கரண்ட் வைத்துக்கொள்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

பிசியோதெரபி கிளினிக்கில் "கரண்ட் வைக்கிறது" என்று சொல்வார்களே, அதில் ஒரு வகைதான் டென்ஸ். உள்ளங்கையில் அடங்குகிற மெஷின், இரண்டு ஜோடி வயர், நான்கு பேட். இது தோல் வழியாகச் சிறு மின்துடிப்புகளை அனுப்பி, தொடு உணர்வைக் கொண்டுபோகிற நரம்புகளைத் தூண்டுகிறது. அந்த நரம்புகளின் செய்தி தண்டுவடத்துக்குப் போய், அங்கே வந்து சேரும் வலிச் செய்தியை மட்டுப்படுத்துகிறது. எங்காவது இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்த்துவிடுகிறது அல்லவா? அதுவும் இதே வழியில்தான் வேலை செய்கிறது.

பிசியோதெரபிஸ்டாக நான் பார்ப்பது இது. மெஷினை வாங்கி ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, "வலி கேட்கலைங்க" என்று டப்பாவோடு வருகிறார்கள். எதிரிலேயே ஒருமுறை போட்டுக் காட்டச் சொன்னால் காரணம் தெரிந்துவிடும். பேட் ஒட்டியிருக்காது, இடம் தப்பாக இருக்கும், அல்லது கரண்ட் போதாது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்தால் இந்த மூன்றும் வராது.

1. முதலில் வலிக்குக் காரணம் தெரியட்டும்

முழங்கால் தேய்மானம், பல வருட இடுப்பு வலி, அக்கி வந்து போன பிறகு நிற்காத எரிச்சல் என்று ஒரு மருத்துவர் பார்த்துச் சொன்ன வலிக்குத்தான் டென்ஸ். டென்ஸ் வலியை மட்டும்தான் அடக்கும், வலியை உண்டாக்குகிற நோயைத் தொடாது. காரணம் தெரியாமல் வைத்தால் எச்சரிக்கை மணியின் வாயை அடைத்த மாதிரி ஆகிவிடும்.

இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கழிப்பதில் புதிதாக மாற்றம், காலில் திடீர் பலவீனம், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் தீராத இரவு வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மெஷினை எடுக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள்.

2. யார் வைக்கக் கூடாது, எங்கே வைக்கக் கூடாது

பேஸ்மேக்கர், இதயத்தைச் சீராக்கும் ஐ.சி.டி. கருவி, அல்லது உடலுக்குள் வைத்த வேறு மின்கருவி உள்ளவர்கள் தாங்களாக டென்ஸ் வைக்கவே கூடாது. வெளியிலிருந்து வருகிற துடிப்பை அந்தக் கருவி இதயத் துடிப்பென்று தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும். "பேஸ்மேக்கர் மார்பில், நான் வைப்பது காலில்தானே" என்று பலர் கேட்கிறார்கள். அதை உங்கள் இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கழுத்தின் முன்பக்கம் எப்போதும் கூடாது. இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் கட்டுப்படுத்தும் நரம்பு முனைகள் அங்கே இருக்கின்றன, குரல்வளைத் தசையும் இறுகலாம். கண் மேல், தலைக்குக் குறுக்கே, மார்புக் கூட்டில் முன்னும் பின்னுமாக வைப்பதும் கூடாது. புண், வெடிப்பு, புற்றுநோய் இருக்கும் இடம், காலில் இரத்தம் உறைந்திருக்கும் இடம், கர்ப்பிணியின் வயிறும் இடுப்பும் இதில் அடக்கம். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

முழங்கால் மாற்று அறுவை செய்தவர்கள் "உள்ளே இரும்பு இருக்கே" என்று பயப்படுவார்கள். உலோகத்தைச் சூடாக்குவது கிளினிக்கில் ஆழச் சூடு கொடுக்கும் வேறொரு மெஷின். டென்ஸ் அப்படிச் சூடாக்காது. இருந்தாலும் அறுவை செய்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

3. தோலுக்கு உணர்வு இருக்கிறதா என்று பாருங்கள்

பலர் தாண்டிப் போகிற படி இது. சர்க்கரை நோயாளிகளுக்கு இதைத் தாண்டவே கூடாது.

ஒரு பல்குத்தும் குச்சியை எடுங்கள். வைக்கப்போகிறவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். வீட்டில் ஒருவர் குச்சியின் கூர் முனையாலும் மழுங்கிய முனையாலும் மாற்றி மாற்றி, குத்தாமல் தொடட்டும். "கூரா, மழுக்கா?" என்று கேட்டுப் பத்து முறை செய்து பாருங்கள். தடுமாறாமல் சரியாகச் சொல்லும் இடத்தில்தான் பேட் ஒட்டலாம்.

உணர்வு மங்கிய இடத்தில் கரண்ட் எவ்வளவு ஏறியது என்று அவருக்கே தெரியாது. தோல் வெந்தாலும் தெரியாது. பாதம் மரத்துப்போய் எரிகிறவர்கள், பாதத்தில் ஒட்டாமல், காலில் மேலே ஏறி உணர்வு நன்றாக இருக்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். பாதத்துக்குப் போகும் நரம்புகள் அந்த வழியாகத்தான் இறங்குகின்றன. அதனால் மேலே தூண்டினாலும் பலன் கீழே கிடைக்கும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. அக்கி வந்த இடத்தில் புடவை உரசினாலே சுரீர் என்றிருக்கும். அந்தத் தோலின் மேல் ஒட்டாதீர்கள். அதைச் சுற்றி, சாதாரணமாக இருக்கும் தோலில் ஒட்டுங்கள்.

4. மெஷின் வாங்குவதற்கு முன்

உடனே வாங்காதீர்கள். பக்கத்து பிசியோ கிளினிக்கில் இரண்டு மூன்று முறை டென்ஸ் வைத்துப் பார்த்து, கொஞ்சமாவது குறைகிறது என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். கிளினிக்கில் வைப்பது ஐ.எஃப்.டி.யாகவும் இருக்கலாம், அது வேறு வகைக் கரண்ட். "எனக்கு டென்ஸ் வைங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது இரண்டு சேனல் (ஒரு ஜோடி வயர் ஒரு சேனல்) உள்ளதாக, ரேட்டையும் (நொடிக்கு எத்தனை துடிப்பு) விட்த்தையும் (ஒரு துடிப்பு எவ்வளவு நேரம் நீள்கிறது) தனித்தனியாக மாற்றக்கூடியதாகப் பாருங்கள். "தட்டுதல், பிசைதல், மசாஜ்" என்று படம் மட்டும் போட்டு எண் எதுவும் காட்டாத மெஷினில் என்ன அளவு போகிறது என்று யாருக்கும் தெரியாது. தசையைச் சுருக்கிப் பயிற்சி கொடுக்கும் இ.எம்.எஸ். மெஷினையும் டென்ஸ் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் டென்ஸ் பக்கத்துக்கு மாற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

5. தோலைத் தயார் செய்தல்

கிளினிக்குக்கு வந்த ஒரு அம்மா முழங்காலைக் காட்டினார். பேட் நான்கும் ஒட்டியிருந்தன. "தம்பி, இது மெஷின் ரிப்பேர், கரண்டே வரல" என்றார். ஒரு பேட்டின் ஓரத்தை விரலால் தூக்கினேன், வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. அடியில் மினுமினு என்று எண்ணெய். காலையில் தைலம் தேய்த்து, அதன் மேலேயே ஒட்டியிருக்கிறார். சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து, புது பேட் ஒட்டினேன். முன்பு வைத்ததில் பாதி அளவிலேயே "ஆ, வருது வருது" என்றார்.

எண்ணெய், தைலம், வலி களிம்பு, பவுடர், திருநீறு, வேர்வை எல்லாமே பேட்டுக்கும் தோலுக்கும் நடுவே தடையாக நிற்கும். சோப்பு போட்டுக் கழுவி, துண்டால் ஒற்றி, இரண்டு நிமிடம் காய விடுங்கள். தைலம் தேய்க்கத்தான் வேண்டும் என்றால் கரண்ட் வைத்து முடித்த பிறகு தேய்க்கலாம்.

முடி அடர்த்தியாக இருந்தால் கத்தரியால் ஒட்ட வெட்டுங்கள், பிளேடால் மழிக்காதீர்கள். மழிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், அதன் வழியாகக் கரண்ட் குத்தும்.

6. பேட்டை எங்கே ஒட்டுவது

ஒரு சேனலில் இரண்டு பேட் உண்டு. கரண்ட் ஒன்றில் புகுந்து மற்றதில் வெளியேறும். அதனால் ஒரே ஒரு பேட்டை ஒட்டிவிட்டு மற்றதைத் தொங்க விட்டால் எதுவும் நடக்காது. இப்படி வைத்துவிட்டு மெஷினைக் குறை சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

பொதுவான விதி, வலி இரண்டு பேட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் குறைந்தது ஒரு அங்குலம் விடுங்கள். மிக நெருக்கமாக வைத்தால் கரண்ட் தோலின் மேலாகவே ஓடி முடிந்துவிடும். கொஞ்சம் தள்ளி வைத்தால் ஆழமாக இறங்கும்.

முழங்காலுக்கு நான்கு பேட். முட்டிச் சில்லுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு. முதல் சேனலின் ஒரு பேட் மேலே வெளிப்பக்கம், அதன் ஜோடி கீழே உள்பக்கம். இரண்டாவது சேனல் மேலே உள்பக்கமும் கீழே வெளிப்பக்கமும். பெருக்கல் குறி போல இரண்டும் மூட்டின் மேல் குறுக்கிட வேண்டும். சில்லின் மேல் மட்டும் ஒட்டாதீர்கள். எலும்பு மேட்டில் பேட் முழுதாகப் படியாது.

இடுப்புக்கு, முதுகெலும்பின் வலப்பக்கம் மேலும் கீழுமாக ஒரு சேனல், இடப்பக்கம் அதே போல இன்னொன்று. எலும்பின் மேல் வேண்டாம், இரு பக்கமும் கையால் அழுத்தினால் கெட்டியாகத் தெரியும் தசையின் மேல் ஒட்டுங்கள். வலி காலுக்கு இறங்கினால், முதல் சேனலை இடுப்பில் அந்தப் பக்கமாகவும், இரண்டாவதைப் புட்டத்திலும் கெண்டைக்காலிலும் வையுங்கள். நரம்பு ஓடுகிற பாதையைப் பின்பற்றுகிறீர்கள், அவ்வளவுதான்.

இடுப்பில் தானாக ஒட்டிக்கொள்வது சிரமம். கண்ணாடி பார்த்துக் கையை முறுக்குவதை விட, வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுங்கள். சரியான இடம் தெரிந்த நாளில் பேனாவால் நான்கு மூலையைக் குறித்து, போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

7. முதலில் ஒட்டுங்கள், கடைசியில் ஆன் செய்யுங்கள்

மெஷின் ஆஃப், கரண்ட் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இரண்டு சேனலிலும் பூஜ்யத்தில். பிறகு வயரைப் பேட்டில் செருகுங்கள், பின்னின் உலோகம் வெளியே தெரியக் கூடாது. பேட்டை ஒட்டி, நடுவிலிருந்து ஓரம் வரை விரலால் நீவிவிடுங்கள். வயரின் மறுமுனையை மெஷினில் செருகுங்கள். அதற்குப் பிறகுதான் ஆன்.

இந்த வரிசை மாறினால், குமிழ் ஏற்கனவே ஐந்தில் இருக்க, பேட் தோலைத் தொட்ட கணம் சுளீர் என்று இழுக்கும். ஆபத்து பெரிதில்லை, ஆனால் ஒருமுறை அப்படி ஆன வயதானவர்கள் மறுபடி மெஷினைத் தொட மாட்டார்கள். கழற்றும்போதும் முதலில் பூஜ்யம், அப்புறம் ஆஃப், கடைசியில் பேட்.

8. ரேட், விட்த், மோட்

புதியவர்களுக்கு ரேட் 80 முதல் 100 ஹெர்ட்ஸ், விட்த் 100 மைக்ரோசெகண்ட் சுற்றி வைத்தால் போதும். மோட் சுவிட்சை சாதாரண நிலையில் வையுங்கள். சில மெஷினில் அதற்கு என், சிலவற்றில் சி என்று எழுத்து இருக்கும். முதல் வாரம் இதையே பிடித்துக்கொள்ளுங்கள். தினமும் எண்ணை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

2 முதல் 4 ஹெர்ட்ஸ் என்ற குறைந்த ரேட்டும் ஒன்று உண்டு. அதில் விட்த்தை 200 பக்கம் ஏற்றி, தசை கண்ணுக்குத் தெரியத் துடிக்கும் அளவுக்கு வைக்க வேண்டும். பிடிக்கத் தாமதமாகும், ஆனால் நிறுத்திய பிறகும் பலன் கொஞ்சம் நீடிக்கும். நீண்ட நாளாக டிரமடால், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த வகை சரியாகப் பிடிக்காமல் போகலாம். இரண்டும் உடலில் ஒரே வாசலைத் தட்டுகின்றன, மாத்திரையால் அந்த வாசல் ஏற்கனவே மரத்திருக்கும். அவர்களுக்கு உயர்ந்த ரேட்தான் நல்லது.

9. எவ்வளவு கரண்ட்? தோல்வி பெரும்பாலும் இங்கேதான்

தொழிலுக்கு வந்த புதிதில் நானே பயந்து குறைவாக வைத்திருக்கிறேன். நோயாளி முகம் சுளித்துவிடக் கூடாதே என்ற எண்ணம். லேசாகக் குறுகுறு என்றதும் "போதுமா அம்மா?" என்று கேட்டு நிறுத்திவிடுவேன். அவர்களும் "போதும்" என்பார்கள். வலி அப்படியே இருக்கும். லேசான குறுகுறுப்பு போதவே போதாது.

சரியான அளவைக் கண்டுபிடிக்கும் வழி இது. குமிழை மெதுவாகத் திருப்புங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு எறும்பு ஊர்வது போல வரும், அந்த இடத்தை மனதில் குறித்துக்கொண்டு மேலே போங்கள். விறுவிறு என்று பலமாக வரும், பேட்டுக்கு நடுவே உள்ள இடம் முழுக்கப் பரவும். இன்னும் ஏற்றினால் "இதற்கு மேல் வேண்டாம்" என்று தோன்றும் ஓர் இடம் வரும். அங்கிருந்து ஒரு நூல் குறையுங்கள். அதுதான் அளவு. பலமாக இருக்க வேண்டும், வலிக்கக் கூடாது. இந்த உயர்ந்த ரேட்டில் தசை இறுகி இழுத்தால் ஏற்றியது அதிகம்.

இரண்டு சேனலையும் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். அடுத்தவர் கையில் குமிழைக் கொடுக்காதீர்கள். எவ்வளவு தாங்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பத்து நிமிடத்தில் "கரண்ட் நின்னுபோச்சு" என்று தோன்றும். நிற்கவில்லை, நரம்பு அதற்குப் பழகிவிட்டது. மோதிரம் போட்ட விரலுக்கு மோதிரம் மறந்துபோவது போல. மறுபடி பலமாகத் தெரியும் வரை கொஞ்சம் ஏற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று முறை இப்படி ஏற்ற வேண்டியிருக்கும். தொடக்கத்தில் வைத்ததோடு விட்டுவிட்டால் பாதி நேரம் வீண்.

ஒரு மூலையில் மட்டும் ஊசி குத்துவது போல இருந்தால் ஏற்றாதீர்கள், பூஜ்யத்துக்கு வந்து பேட்டைப் பாருங்கள். ஓரம் பிரிந்திருக்கும். முழுப் பேட்டில் பரவ வேண்டிய கரண்ட் ஒட்டியிருக்கும் அந்தச் சிறு இடத்தில் குவிகிறது. தோல் புண்ணாவது பெரும்பாலும் இப்படித்தான்.

10. எப்போது, எவ்வளவு நேரம்

ஒரு தடவைக்கு 30 முதல் 60 நிமிடம், ஒரு நாளில் இரண்டு மூன்று முறை வரை வைக்கலாம். பலரும் படுத்துக்கொண்டு, டி.வி. பார்த்துக்கொண்டு வைக்கிறார்கள். நான் சொல்வது நேர்மாறு. வலி தருகிற வேலையைச் செய்யும்போது வையுங்கள்.

காரணம் இதுதான். 381 ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான மதிப்பாய்வு, கரண்ட் ஓடும்போதும் நிறுத்திய உடனேயும் வலி குறைகிறது என்று கண்டது. ஆனால் சிகிச்சை வழிகாட்டிகளை எழுதும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் இடுப்பு வலிக்கு டென்ஸ் தர வேண்டாம் என்றே வழிகாட்டியில் எழுதியது. நான் கண்ணால் பார்ப்பதோடு இரண்டும் ஒத்துப்போகின்றன. நாள் முழுதும் வலியை நீக்கும் சிகிச்சையாக எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மெஷின் தருவது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தைக் கட்டிலில் கழித்தால் எழுந்ததும் வலி பழையபடி இருக்கும். அதே நேரத்தில் மாடிப்படி ஏறிப் பழகினால், தொடைத் தசைக்கான பயிற்சியைச் செய்தால், அந்தப் பலம் மெஷினைக் கழற்றிய பிறகும் காலில் இருக்கும்.

மெஷினை இடுப்பு பெல்ட்டில் மாட்டி, வயரை உடைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். சமையலறையில் நிற்கும் நேரம், கடைக்கு நடக்கும் நேரம், பயிற்சி நேரம், இவைதான் சரியான நேரம். குளிக்கும்போதும், தூங்கும்போதும், வண்டி ஓட்டும்போதும் கூடாது.

11. கழற்றிய பிறகு

பேட்டை ஓரத்தைப் பிடித்து உரியுங்கள், வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே கம்பி அறுந்துவிடும். தோல் இளஞ்சிவப்பாக இருப்பது சகஜம், சிறிது நேரத்தில் மறையும். மறுநாளும் சிவப்பு போகவில்லை, அரிக்கிறது, கொப்புளம் வந்திருக்கிறது என்றால் பேட்டின் பசை ஒத்துக்கொள்ளவில்லை. நிறுத்திவிட்டு வேறு வகைப் பேட் கேளுங்கள்.

பசைப் பக்கத்தில் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, அது வந்த பிளாஸ்டிக் தாளிலேயே ஒட்டி, காற்றுப் புகாத கவரில் போடுங்கள். காய்ந்துபோன பேட்டை செல்லோடேப் போட்டு ஒட்டி ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். ஒருவர் பேட்டை இன்னொருவருக்கும் ஒட்டாதீர்கள்.

12. நோட்டில் எழுதி, நான்கு வாரத்தில் முடிவெடுங்கள்

"பரவாயில்லை" என்ற சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். தரையிலிருந்து எழுவது, பத்துப் படி ஏறுவது, எதுவானாலும் அதே வேலை. கரண்ட் இல்லாமல் செய்து, வலிக்குப் பூஜ்யம் முதல் பத்துக்குள் ஓர் எண் போடுங்கள். கரண்ட் ஓடும்போது அதே வேலையைச் செய்து இன்னொரு எண். தேதி, இரண்டு எண், அன்று எடுத்த மாத்திரை, இவ்வளவு போதும்.

முதலில் நன்றாகப் பிடித்து, பிறகு எண் மெல்ல ஏறினால் உடல் பழகிப்போகிறது என்று அர்த்தம். எலிகளில் செய்த ஆய்வுகளில் தினமும் ஒரே அளவில் கொடுத்தபோது நான்கைந்து நாளிலேயே பலன் மங்கியது. அதனால் இரண்டாவது வாரம் மோட் சுவிட்சை எம் பக்கம் மாற்றுங்கள், துடிப்பு தானாக ஏறி இறங்கும். கரண்ட் அளவையும் தினம் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். வாரத்தில் ஓரிரு நாள் விட்டும் வைக்கலாம்.

நான்கு வாரம் கழித்து நோட்டைப் புரட்டுங்கள். ஓடும்போது இரண்டு எண்ணாவது குறைகிறதா, அந்த நேரத்தில் முன்பு செய்யாத வேலையைச் செய்கிறீர்களா? ஆம் என்றால் தொடருங்கள். மாத்திரையைக் குறைப்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள், தானாக நிறுத்த வேண்டாம். இல்லை என்றால், நோட்டோடும் மெஷினோடும் உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை போய், அவர் எதிரில் ஒட்டிக் காட்டுங்கள். இடமும் அளவும் சரியாக இருந்தும் எண் இறங்கவில்லை என்று அவரும் சொன்னால், இந்த வலிக்கு டென்ஸ் ஒத்துவரவில்லை. புது பேட் வாங்குவதை நிறுத்திவிட்டு வேறு வழியைக் கேளுங்கள்.